சில நொடிகள் நிறுத்துவார்கள்

நாளைக் காலையில் என் அம்மாவின் இதயத்தைச் சில நொடிகள் நிறுத்தப் போகிறார்கள். டாக்டர்களே நிறுத்துவார்கள். அவர்களே திரும்ப ஓடவும் வைப்பார்கள்.

நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மிஷின் வைக்கிறார்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் அது உள்ளேயே ஷாக் கொடுத்து ஆளைக் காப்பாற்றிவிடும். வைத்து முடித்ததும் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பார்ப்பார்கள். அதற்குத்தான் இந்த நிறுத்தல்.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலில் படுத்திருக்கிறாள். நான் கீழே பாயில். அப்பா வெளியே வராந்தாவில் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுகிறார். இரண்டு மாதமாக அவர் இப்படித் தூங்கவில்லை. அம்மா சம்மதித்துவிட்டாள் என்று எல்லோருக்கும் நிம்மதி. அவள் எதற்காகச் சம்மதித்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

மே மாதம் பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் அம்மா விழுந்தாள். யூனிஃபாரம் தைக்கத் துணி வாங்கிவிட்டு பஸ்ஸுக்கு நின்றவள், பையோடு சரிந்துவிட்டாள். மீன் ஏற்றி வந்த ஒரு ஜீப்பில் போட்டு, போகிற வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கேஷுவால்டியில், அவசரச் சிகிச்சை அறையில் வைத்து இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அமுக்கி, ஷாக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அம்மா ஆக்சிஜன் மாஸ்கோடு கிடந்தாள். மீன் வாடை அவள் சேலையில் இருந்தது.

இரண்டாம் நாள் அவள் என்னை அருகில் கூப்பிட்டாள்.

"மக்கா, நான் மேல நின்னு பாத்தேன். கீழ நானே கெடக்கேன். ஒருத்தி எனக்க நெஞ்சுல கைய வச்சு அமுக்குதா. அங்க ஒரு இரும்பு அலமாரி. அதுக்க மேல ஒரு ஸ்டாரு கெடந்தது, கிறிஸ்மஸுக்குத் தூக்குத ஸ்டாரு. ஒரு மூல ஒடஞ்சு போச்சு. வயர்ல பிளாஸ்திரி சுத்தியிருக்கு. இத ஆராவது எடுத்துக் களையப்பிடாதான்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. செத்துப் போகிற நேரத்திலும் அடுத்தவன் அலமாரியைச் சுத்தம் செய்ய நினைப்பது என் அம்மாவாகத்தான் இருக்கும்.

"பின்ன அனூப் வந்தான்" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அனூப் என் தம்பி. பதினொரு வயதில் பாறை வெட்டிய பள்ளத்தில் தேங்கின தண்ணீரில் மூழ்கிப் போனான். நாலு வருடம் ஆகிறது.

"நல்லா இருந்தான் மக்கா. முடி நனைஞ்சிருக்கல்ல. கைய நீட்டினான். நான் பிடிக்கப் போனேன். டப்புன்னு ஒரு அடி. இழுத்துக் கொண்டு வந்து இஞ்ச போட்டாவ."

முடி நனைந்திருக்கவில்லை என்று சொல்லும்போது அவள் முகம் இருந்த மாதிரி நான் நாலு வருடமாகப் பார்த்ததில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்ப எனக்க நெனப்பு வந்துதாம்மா?"

"பொய் சொல்லப்பிடாது. அங்க நிக்கச்சில ஆருக்க நெனப்பும் இல்ல."

பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இங்கே டாக்டர் லேகா எல்லா டெஸ்டும் பார்த்துவிட்டு, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும், அப்போது பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் என்று சொல்ல முடியாது, மிஷின் வைத்தே ஆகவேண்டும் என்றார். சர்க்கார் கார்டில் செலவும் நடந்துவிடும். அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்தபிறகு அப்பா கேட்டுப் பார்த்தார், கெஞ்சினார், தட்டைத் தூக்கி எறிந்தார்.

"அடுத்த தடவ நான் போவச்சில பிடிச்சு இழுக்கதுக்குத்தானே அந்த மிஷின்? எனக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. எறிந்த தட்டைக் குனிந்து எடுத்துக் கழுவி வைத்தாள்.

எங்கள் சபையில் பிழைத்து வந்தவர்கள் சாட்சி சொல்வது வழக்கம். விபத்தில் தப்பியவர், கல்ஃபில் ஜெயிலிலிருந்து வந்தவர், பரீட்சையில் ஜெயித்த பிள்ளை எல்லோரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து நின்று சொல்வார்கள். அம்மாவும் சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரியேதான் சொன்னாள். ஸ்டாரு வந்ததும் பெண்கள் பக்கத்தில் ஒரு மூச்சு எழுந்தது. பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர் விமலகுமாரி அக்கா நடுவிலேயே கேட்டாள்.

"ஸ்டாரு பச்சையா இருந்துதா சுகுமாரி?"

அம்மா திகைத்தாள். "பச்ச மாதிரித்தான் இருந்தது."

"தோத்திரம்!" என்றாள் விமலகுமாரி அக்கா. பிறகு அப்பா, அது என்ன பச்சை என்று அவளிடம் கேட்டதற்கு, "எங்க வீட்டு ஸ்டாரு பச்சையாக்கும். அதுனால கேட்டேன்" என்றாள்.

அடுத்த வாரம் வெள்ளறடை பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அம்மா ஸ்டாரு பச்சை என்று தானாகவே சொன்னாள். அதற்கடுத்த கூட்டத்தில் அவள் சொன்ன ஸ்டாரிலிருந்து பச்சையாக வெளிச்சமும் வந்தது. மிஷின் வேண்டாம் என்றதையும் விமலகுமாரி அக்கா எழுந்து அறிவித்தாள். "மரண பயம் போன சகோதரி" என்று சொல்லிக் கைதட்டினார்கள். என் அம்மா சாகத் தயாராக இருப்பதற்கு ஒரு கூட்டமே கைதட்டுகிறது, நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்டர் மட்டும் கூட்டம் முடிந்தபிறகு அம்மாவைத் தனியாக நிறுத்தி, "டாக்டரும் தேவன் தந்த ஆள்தான், போய் வச்சிட்டு வா" என்றார். அம்மா தலையாட்டினாள். அவ்வளவுதான்.

நான் பிளஸ் டூவில் சயன்ஸ் படிக்கிறேன். ரத்தம் ஓடாதபோது மூளை என்னென்னவோ காட்டும் என்று எங்கெங்கோ படித்து, அம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன். "அது மூளதான்னு நீ கண்டியா?" என்றாள். அப்போதுதான் ஸ்டாரு ஞாபகம் வந்தது. அனூப்பைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஸ்டாரைப் பார்க்கலாம். அலமாரி மேல் அப்படி ஒன்று இல்லை என்றால், எல்லாம் கனவு என்று அம்மாவே ஒத்துக்கொள்வாள். மிஷின் வைத்துக்கொள்வாள். எந்த விடை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஒரு சோதனைக்குப் போகக் கூடாது என்று எங்கள் சார் சொல்லுவார். நான் முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் என் அத்தை மகள் ஷிஜா அக்கா நர்ஸாக இருக்கிறாள். அம்மா வந்த அன்று அவளுக்கு லீவு. விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எட்டி, எங்க அலமாரிக்க மேல ஸ்டாரு மட்டுமா இருக்கும்? ஹெட் நர்ஸுக்கக் காணாமப் போன குடையும் இருக்கும். மோட்சத்துல இருந்து பாத்த மாமி அத ஏன் சொல்லல்ல?"

"வெளையாடாதக்கா. ஒருக்கா பாத்துச் சொல்லு."

"டிசம்பர்ல தூக்குவாவ, ஜனவரில எறக்கி மேல போடுவாவ. பின்ன எங்க கொண்டு வைக்க? ஒனக்க வீட்டு அலமாரிக்க மேல இல்லையா?"

இருக்கிறது. எங்கள் ஊரில் சிலுவை வைத்த வீடு எல்லாவற்றிலும், அலமாரி மேலோ பரண் மேலோ ஒரு ஸ்டாரு கிடக்கும். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. ஸ்டாரு இருந்தாலும் அதில் ஒன்றுமில்லை. உடைந்த மூலையும் பிளாஸ்திரியும் இல்லாமல் இருந்தால் போதும்.

மத்தியானம் கேஷுவால்டி காலியாக இருந்தது. இரும்பு அலமாரி என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயரம். கீழே நின்றால் மேலே ஒன்றும் தெரியாது. கட்டிலில் படுத்தும் பார்த்தேன், தெரியவில்லை. ஷிஜா அக்கா ஒரு ஸ்டூல் மேல் ஏறி, கையை நீட்டி என் போனில் வீடியோ எடுத்தாள். இறங்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. போனை என் கையில் தந்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு அட்டைப்பெட்டி, அதற்குப் பின்னால் தூசியில் ஒரு ஸ்டாரு. ஒரு மூலை நசுங்கிக் கிழிந்திருந்தது. வயரில், வெட்டுப்பட்ட இடத்தில், ஆஸ்பத்திரியில் ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

நிறம் மட்டும் பச்சை இல்லை. சிவப்பு.

நிறம் தப்பு என்று சந்தோஷப்படத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் நிறம் அம்மா சொன்னதே இல்லை. அது விமலகுமாரி அக்கா வீட்டு நிறம். சபை சேர்த்துவிட்டதெல்லாம் தப்பாக இருக்கிறது, அம்மா முதல் நாள் என்னிடம் சொன்னது மட்டும் சரியாக இருக்கிறது.

"இல்லன்னு சொல்லிரு" என்றாள் ஷிஜா அக்கா. "ஒரே வார்த்த. மாமி பொழச்சிருவாவ. நான் இத இப்பவே எடுத்து வேஸ்ட்டுல போடுதேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறசாலை வரை பஸ்ஸில் 'இல்லம்மா, ஒண்ணும் இல்ல' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போன?"

"ஷிஜாக்காக்க ஆஸ்பத்திரிக்கு."

பெடலில் கால் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். "பாத்தியா?"

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் போய்ச் சாட்சி சொல்கிறவளுக்கு நிச்சயம் இல்லை. அவள் முகத்தில் கெஞ்சல் இருந்தது. அனூப்பைப் பாறைப்பள்ளத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, ஓடி வந்த ஒவ்வொருவர் முகத்தையும் இப்படித்தான் பார்த்தாள். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. போனை நீட்டினேன்.

அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "செவப்பு" என்றாள்.

"நீ பச்சன்னு சொன்ன."

"விமலா கேட்டா, நான் ஆமான்னேன். செவப்புதான். இப்ப ஓர்ம வருது."

அது இப்போது வந்த ஓர்மையா, அப்போதே இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி அப்பா என்னைத் திட்டின மாதிரி ஒருநாளும் திட்டியதில்லை. அவர் பாறசாலை ஸ்டேஷன் முன்னால் ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசவே மாட்டார். "ஒனக்குப் படிப்பு கூடிப்போச்சு. இல்லன்னு ஒரு வாக்கு சொன்னா நாக்கு தேஞ்சா போவும்? அவ இனி ஒப்புக்கவே மாட்டா. நீயாக்கும் அவளச் சாவுக்குக் கொண்டு விட்டது."

நான் அழுதுகொண்டே யோசித்தேன். ஒன்று பிடிபட்டது. போன டிசம்பரில் செங்கல் என்கிற ஊர்ப் பக்கம் அப்பாவின் ஆட்டோ கவிழ்ந்து நெற்றியில் தையல் போட்டது அதே ஆஸ்பத்திரியில். அம்மாதான் கூட நின்றாள்.

"அப்பா, அண்ணைக்கு கேஷுவால்டில ஸ்டாரு தூக்கியிருந்துதா?"

"எனக்குக் கண்ணுல கூடி ரத்தம் ஒழுகுது. நான் ஸ்டாரையா பாப்பேன்?"

காலையில் அம்மாவிடம் போய் நின்றேன். டிசம்பரில் நீ அந்த ஸ்டாரைத் தொங்கும்போது பார்த்திருக்கலாம், மூலையும் பிளாஸ்திரியும் அப்போதே மனசில் பதிந்திருக்கலாம், கிறிஸ்மஸ் முடிந்தால் ஸ்டாரு எங்கே போகும் என்று உனக்கும் தெரியும், மூளை இரண்டையும் சேர்த்துக் காட்டியிருக்கலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"இருக்கலாம்" என்றாள் அம்மா.

"அப்ப?"

"அனூப்ப நான் டிசம்பர்ல பாக்கல்லியே."

அதோடு என் சயன்ஸ் முடிந்துபோனது.

போன வாரம் அப்பா கடைசியாக ஒருதடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிக் கூட்டிவந்தார். டாக்டர் லேகா பொறுமையானவர். நெய்யாற்றின்கரைக்காரர் என்பதால் எங்களோடு தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "பேடிக்கண்டா அம்மா" என்று பயத்தைப் போக்க ஆரம்பித்து, எங்கே கீறுவார்கள், வயர் எப்படிப் போகும் என்று படம் வரைந்து காட்டினார். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் வச்சதும் ஹார்ட்டை நாங்களே ஒருதரம் தாறுமாறா துடிக்க வச்சுப் பார்ப்போம். மிஷின் பிடிக்குதான்னு தெரியணுமே."

அம்மா திரும்பினாள். "அப்ப ஹார்ட்டு நிக்குமா?"

"நிக்கிற மாதிரிதான். கொஞ்ச செகண்டுக்கு ரத்தம் ஓடாது. மிஷின் உடனே ஷாக் அடிக்கும்."

"மிஷின் பிடிக்கல்லன்னா?"

"நாங்க வெளியில இருந்து குடுப்போம். போக விடமாட்டோம் அம்மா" என்று சிரித்தார் டாக்டர்.

அம்மாவும் சிரித்தாள். அனூப்பின் முடி நனைந்திருக்கவில்லை என்று சொன்னபோது இருந்த அதே முகம்.

"எங்க ஒப்பு போடணும்?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் அவர் தோளைத் தட்டினார். எல்லோரும் வெளியே போனதும் நான் திரும்ப உள்ளே ஓடினேன்.

"டாக்டர், அந்த செகண்டுல ஆளு எதையாவது பாக்குமா?"

"மயக்க மருந்து உண்டு மோளே. அநேகமா ஒண்ணும் ஓர்மை இருக்காது."

"பாத்தாவன்னா? அது நெசமா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஹார்ட் நின்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். அந்த நேரம் ஆள் எங்க இருக்குன்னு எந்த மிஷினும் எனக்குக் காட்டினதில்ல. எங்கயும் இல்லைன்னும் காட்டினதில்ல. எந்தா, அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சோதனையை விட்டுவிடுவார்கள், அதைச் செய்யாமலும் மிஷின் வைக்கலாம். ஆனால் சோதனை இல்லை என்று தெரிந்தால் அம்மா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு ஒருநாள் ஏதாவது பஸ் ஸ்டாப்பில் விழுவாள். அன்று ஜீப் வராது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

இன்றைக்கு ராத்திரி நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். கட்டில் கிரீச் என்றது.

"ஜினி, ஒறங்கியாச்சா?"

"இல்ல."

அம்மா கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். இருட்டில் அவள் மூச்சு என் தலைக்கு மேல் கேட்டது. பாறசாலைக்கு பஸ் ஏறுகிறவள், வாங்க ஏதாவது உண்டா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"நாளைக்கு அவனப் பாத்தா என்னவாவது சொல்லணுமா?"

நான் நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. பிளாஸ்திரியைப் பார்த்ததிலிருந்து தெரியவில்லை. டிசம்பரை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது, அந்த அலமாரியின் உயரத்தை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஆனால் அவள் கேட்டபோது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அவன் அடுத்த அறையில் இருக்கிற மாதிரிதான் இருந்தது.

"அம்மைய ஒடனே திருப்பி அனுப்பணும்னு சொல்லு."

கட்டில் திரும்பவும் கிரீச் என்றது.

"இஞ்ச எனக்கு வேணும்னு சொல்லு. கைய நீட்டப்பிடாதுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

வராந்தாவில் அப்பாவின் குறட்டை நின்று, திரும்ப ஆரம்பித்தது. அம்மாவின் கை கீழே இறங்கி என் தலையைத் தேடியது. காதும் கன்னமும் தட்டுப்பட்டன, என் கண்ணீர் அவள் விரலில் ஒட்டியிருக்க வேண்டும்.

"எட்டி, இது என்னத்துக்கு?"

"சொல்லுவியா?"

"சொல்லுதேன்."

"நீயும் நிக்கப்பிடாது. சொல்லிட்டு வந்திரணும்."

"செரி மக்கா" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "அங்க போனா இஞ்ச உள்ள நெனப்பு போயிரும். அதாக்கும் எனக்கும் பயம்" என்றாள். அவளுக்குப் பயம் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நீ அந்த ரூமுக்க வெளிய நின்னு ஜெபம் பண்ணு. ஜெபம் வரல்லன்னா எனக்க பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இரு."

இப்போது அவள் தூங்கிவிட்டாள். கை இன்னும் கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது, நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். மறக்கமாட்டாள். ஆனால் அனூப் நான் சொன்னதை ஒருநாளும் கேட்டதில்லை.